பாரஃபின் கலந்த கூந்தல் எண்ணெய்: காய்ச்சி விற்கும் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்

எங்கள் பக்கத்தில் பெட்ரோலியம் என்ற சொல்லைச் சாதாரணமாக உச்சரித்துவிட முடியாது. நரிமணம் பக்கம் சுத்திகரிப்பு ஆலை, வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு, 2017-இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் பரவிய கச்சா எண்ணெய், அதே ஆண்டு நெடுவாசல் போராட்டம், 2020-இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் என்று காவிரிப் படுகைக்காரர்களுக்கு அந்தச் சொல்லோடு பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "நீ தலையில் தேய்க்கும் எண்ணெயில் இருக்கும் பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து எடுத்தது, பார்" என்று காணொளி காட்டினால் கேட்பவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கோபம் நேராக எங்கள் வாசலுக்குத்தான் வந்து சேர்கிறது. கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையில் ஒரு கிராமத்தில், மகளிர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து கூந்தல் எண்ணெய் காய்ச்சி விற்கிறோம். நான் கல்லூரியில் வேதியியல் படித்தவள் என்பதால் குழுவில் கேள்வி கேட்க வருகிறவர்களை என் பக்கம் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதில் மினரல் ஆயில் கிடையாதே?" பாரஃபினுக்கு, அதாவது கனிம எண்ணெய்க்கு, இன்னொரு பெயர் அது. கிடையாது என்றால் அடுத்தது, "அப்படியென்றால் முடி கொட்டாதே?" முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு அரைமணி நேரம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒட்டோ உறவோ கிடையாது என்று சொல்லி முடிக்கத்தான் அந்த அரைமணி நேரம்.

கஜா புயலுக்குப் பிறகுதான் இந்த விவகாரம் எங்கள் குழுவுக்குள் நுழைந்தது. 2018 நவம்பரில் அடித்த அந்தப் புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. எங்களுக்குக் கொப்பரை வந்துகொண்டிருந்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். தென்னங்கன்று வைத்தால் மறு வருடம் காய்த்துவிடாது. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். கொப்பரைக்கு அலைந்துகொண்டிருந்த அந்த நாட்களில் கும்பகோணத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தார். நல்ல மனிதர், பேச்சிலும் மரியாதை குறையாதவர்.

"அக்கா, முழுக்கத் தேங்காய் எண்ணெயே ஊற்றி இந்தத் தொழிலில் யார் பிழைத்திருக்கிறார்கள்? அறுபது பங்கு எல்.எல்.பி., நாற்பது பங்கு உங்கள் எண்ணெய். பச்சை நிறமும் வாசனையும் நானே தருகிறேன். கை பிசுபிசுக்காது. காலேஜ் பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்" என்றார்.

எல்.எல்.பி. என்பது லைட் லிக்விட் பாரஃபின். வியாபாரத்தில் எல்லோருக்கும் அந்த மூன்றெழுத்துத்தான் பழக்கம். ஒரு கேனில் மாதிரி கொண்டுவந்திருந்தார். கிண்ணத்தில் ஊற்றினோம். நிறம் கிடையாது. மோந்து பார்த்தால் மணமும் கிடையாது. உள்ளங்கையில் விட்டுத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் தோல் அதை வாங்கிக்கொள்வதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு துணியால் துடைத்ததும் பிசுக்கு அதிகம் தங்காமல் போய்விட்டது. எங்கள் குழுவில் மூத்தவரான அத்தை விரல் நுனியில் தொட்டு மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "எண்ணெய் என்றால் ஒரு வாசனை வேண்டாமா? இதற்கு அப்பனும் தெரியவில்லை, ஆத்தாளும் தெரியவில்லை" என்றார்.

அத்தை சொன்னதில் வேதியியல் இருக்கிறது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய் எல்லாம் கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தவை. அதனால்தான் காரம் சேர்த்தால் அவை சோப்பாகின்றன, நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கின்றன. பாரஃபினில் கொழுப்பு அமிலமே கிடையாது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கோர்த்த சங்கிலி. காரம் அதைத் தொடாது, காற்று அதை எளிதில் கெடுக்காது, வருடக்கணக்கில் வைத்தாலும் வாடை மாறாது. விற்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அலமாரியில் கெடாது, நிறம் ஏற்றலாம், எந்த வாசனையும் சேர்க்கலாம், விலையோ தேங்காய் எண்ணெயில் பாதிகூட இராது. 2025-இல் கொப்பரை விலை ஏறிய ஏற்றத்தில் அந்த இடைவெளி இன்னும் அகன்றுவிட்டது.

இது விஷமா? விஷமில்லை. கச்சா எண்ணெயிலிருந்து வந்தது என்பது உண்மைதான். ஆனால் வாய்க்கால் ஓரத்தில் நாம் முகர்ந்த அந்தக் கச்சா எண்ணெயும் பாட்டிலில் இருப்பதும் ஒன்றாகாது. வடித்துப் பிரித்து, அதிலிருக்கும் கந்தகத்தையும் அரோமேட்டிக் எனப்படும் தீங்கான வளையச் சேர்மங்களையும் நீக்கிய பிறகு கிடைப்பதுதான் இந்த வெள்ளை எண்ணெய். மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் லிக்விட் பாரஃபின் இந்தக் குடும்பம். குழந்தைக்குத் தடவும் பேபி ஆயில் பலவற்றிலும் இதுவே முதல் பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சுத்திகரிக்காத அல்லது அரைகுறையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெய்களைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நன்றாகச் சுத்திகரித்தவற்றை அப்படி வகைப்படுத்த முடியாது என்று மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. காணொளிகள் முதல் வரியைப் படித்துவிட்டு இரண்டாவது வரியை விழுங்கிவிடுகின்றன. பயம் காட்டினால் பார்ப்பவர் கூடுவார்கள், விளக்கம் சொன்னால் போய்விடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அது முடிக்கு நல்லது செய்யுமா என்பது வேறு கேள்வி. இதைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2003-இல் வெளியானது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடிக்கற்றைகளில் தடவி, முடியிலிருந்து எவ்வளவு புரதம் கழன்றுபோகிறது என்று அளந்தார்கள். குளிப்பதற்கு முன் தடவினாலும் பின் தடவினாலும், புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். மற்ற இரண்டும் குறைக்கவில்லை. செய்தவர்கள் மாரிக்கோ நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவினர். தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் அது. வாணியன் வீட்டில் செய்த சோதனையில் எண்ணெய் தோற்குமா என்று நானும் முதலில் உதட்டைப் பிதுக்கினேன். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் பாடப்புத்தக வேதியியலோடு ஒத்துப்போகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். நேரான, குட்டையான சங்கிலி என்பதால் முடியின் தண்டுக்குள் நுழைகிறது, அங்கிருக்கும் புரதத்தோடு ஒட்டுகிறது. சூரியகாந்தி எண்ணெயின் சங்கிலி நீளமும் வளைவுமாக இருப்பதால் உள்ளே போகத் தடுமாறுகிறது. பாரஃபினுக்குப் புரதத்தின் மேல் பற்றே கிடையாது, அதனால் முடியின் மேல் படலமாக நின்றுவிடுகிறது. கவனியுங்கள், சூரியகாந்தியும் இந்தச் சோதனையில் தோற்றிருக்கிறது. தாவர எண்ணெய் என்றாலே முடிக்குள் போய்ப் போஷிக்கும் என்று பாரஃபினைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள்.

மேலே நிற்பதிலும் ஒரு பயன் உண்டு. வேதாரண்யம், திருப்பூண்டி பக்கத்திலிருந்து எங்களிடம் எண்ணெய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அதில் தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராக விறைத்துவிடும், சீப்பு நுழையாது, இழுத்தால் நடுவில் அறுந்துவிடும். அப்படிப்பட்ட முடிக்கு, குளித்துத் துவட்டிய பிறகு நுனியில் சில துளி பாரஃபின் எண்ணெய் தடவினால் சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. வியாபாரி கொடுத்த மாதிரியை வைத்து எங்கள் குழுப் பெண்களே பார்த்தார்கள். தடவிய அன்று பாரஃபின்தான் ஜெயித்தது. பளபளப்பு, சிக்கெடுக்கும் சுலபம், தலையணையில் கறை படியாமை எல்லாவற்றிலும் அதற்கே மதிப்பெண். சீயக்காய் போட்டுக் குளித்த மறுநாள் ஆட்டம் மாறியது. பாரஃபின் தடவிய தலையில் நேற்றைய மினுக்கு எதுவும் மிஞ்சவில்லை. முதல்நாள் இரவே தேங்காய் எண்ணெய் வைத்துக் காலையில் அலசியவர்களின் முடி, அலசிய பிறகும் கைக்கு மெதுவாக இருந்தது. ஆய்வகச் சோதனை என்று இதை நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆய்வு சொன்னதற்கு முரணாக எதையும் நாங்கள் காணவில்லை.

ஆகவே எங்களிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: குளிப்பதற்கு முன் வைக்க வேண்டுமானால் தேங்காய் எண்ணெய். முடி தண்ணீரை உறிஞ்சி உப்பி, காயும்போது சுருங்கி, மறுபடி உப்பி என்று ஒவ்வொரு குளியலிலும் அடிபடுகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் நுழைவது குறைகிறது. குளித்த பிறகு சிக்குக்காக நுனியில் தடவ வேண்டுமானால் பாரஃபின் கலந்த எண்ணெயாக இருந்தாலும் குற்றமில்லை. இதைச் சொன்னதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. "இயற்கை எண்ணெய் விற்கிற நீங்களே பெட்ரோலுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?" என்று ஒரு தம்பி கேட்டார். வியாபாரியோ எதிர்ப்பக்கத்தில் நின்று, "கெடுதல் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு கலக்க என்ன தயக்கம்?" என்றார்.

அவருக்குச் சொன்ன பதில்தான் இந்த விஷயத்தில் என் நிலை. கெடுதல் இல்லாத பொருளை அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்றால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. தேங்காய்ப் படம், நெல்லிக்காய்ப் படம், இடுப்பு வரை கூந்தல் தொங்கும் பெண் படம் எல்லாவற்றையும் முன்னால் போட்டுவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் பாரஃபின் என்று அச்சடித்து, தேங்காய் எண்ணெய்க்கு மேல் விலை வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பார்கள். இங்கே வாணியனுக்கும் போகவில்லை, வைத்தியனுக்கும் போகவில்லை.

வாங்கும்போது கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இந்தியாவில் அழகுசாதனப் பொருளின் மேலுறையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் உள்ளவற்றை, அதிகம் இருப்பது முதலில் வரும்படி இறங்குவரிசையில் போட வேண்டும். ஆகவே மினரல் ஆயில், லைட் லிக்விட் பாரஃபின், பாரஃபினம் லிக்விடம் இவற்றில் ஏதாவதொன்று பட்டியலின் தலையில் உட்கார்ந்திருந்தால், அந்தப் பாட்டிலில் மிக அதிகம் இருப்பது அதுதான். நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி எல்லாம் வால்பக்கம் இருந்தால் அவை பேருக்குப் போட்டவை என்று புரிந்துகொள்ளலாம்.

தேங்காய் எண்ணெய் என்று மட்டும் எழுதிய நீலம், பச்சை பாட்டில்களில் வேறொரு அடையாளம் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் சைவத்துக்கான பச்சைப் புள்ளியும் இருந்தால் அது சமையல் எண்ணெயாக விற்கப்படுவது. சமையல் எண்ணெயில் கனிம எண்ணெய் கலப்பது சட்டப்படி கலப்படம். அந்தப் பாட்டிலைத் தலைக்கு வைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. சிறு பாட்டிலில் வரும் தேங்காய் எண்ணெய் உணவா, கூந்தல் எண்ணெயா என்ற வரி வழக்கே உச்ச நீதிமன்றம் வரை போய் 2024 டிசம்பரில்தான் தீர்ந்தது. சமையல் எண்ணெய் என்று குறித்து அதற்குரிய விதிப்படி விற்றால், பாட்டில் சிறிதாக இருக்கிறது என்பதற்காக அதைக் கூந்தல் எண்ணெயாகக் கருத முடியாது என்றார்கள். வாங்குபவர்களான நமக்கு அந்தக் குழப்பம் எப்போதும் இருந்ததில்லை.

உறை இல்லாமல் சந்தையிலோ தெரிந்தவரிடமோ வாங்குகிற எண்ணெய்க்கு என்ன செய்வது? மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் அது இறுகத் தொடங்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் முழுக்க வெள்ளையாகக் கட்டியாகிவிடும். பாரஃபின் அதிகம் கலந்திருந்தால் மேலே தெளிவாக ஒரு திரவம் தனியே நிற்கும். ஆனால் நல்லெண்ணெயும் ஆமணக்கும்கூட உறையாது. ஆகவே தேங்காய் எண்ணெய் மட்டும்தான் என்று சத்தியம் செய்து விற்றதற்கே இந்தச் சோதனை பொருந்தும்.

எனக்குப் பிடித்தது தராசுச் சோதனை. ஒரே அளவு எடுத்துக்கொண்டால் பாரஃபின் தாவர எண்ணெயைவிட எடை குறைவு. வாய் குறுகிய ஒரு பாட்டிலில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெறும் பாட்டிலை மின்தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கோடு வரை தண்ணீர் ஊற்றி எடையைக் குறித்துக்கொண்டு, நன்றாகக் காயவைத்து, அதே கோடு வரை எண்ணெய் ஊற்றுங்கள். தண்ணீர் 500 கிராம் நின்ற இடத்தில் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ 460 கிராமை ஒட்டி நிற்கும். லைட் பாரஃபின் 425 கிராமுக்கு அக்கம்பக்கத்தில், சில சமயம் அதற்கும் கீழே நிற்கும். பாதிக்குப் பாதி கலந்தது இரண்டுக்கும் நடுவில். மளிகைக் கடைத் தராசுக்கே இந்த வித்தியாசம் தெரியும். சிறிய அளவில் செய்தால் கோடு கொஞ்சம் தவறினாலும் கணக்குக் குழம்பும், அரை லிட்டராவது வைத்துப் பாருங்கள். ஆமணக்கெண்ணெய் மட்டும் இதில் ஏமாற்றும். அது கனமானது, 480-ஐ எட்டும். ஆமணக்கும் பாரஃபினும் கலந்தால் தராசு ஏமாந்துபோகும்.

சந்தேகமில்லாமல் தெரிய வேண்டுமானால் ஆய்வகச் சோதனைதான். இரண்டு மில்லி எண்ணெயில் அதே அளவு, சாராயத்தில் கரைத்த காஸ்டிக் பொட்டாஷ் சேர்த்து, கொதிநீரில் கால்மணி நேரம் சூடாக்கி, பத்து மில்லி தண்ணீர் ஊற்றுவார்கள். தாவர எண்ணெய் மட்டும் என்றால் எல்லாம் சோப்பாகித் தெளிவாக நிற்கும். கனிம எண்ணெய் இருந்தால் கலங்கும். எனக்குத் தெரிந்த கல்லூரி ஆய்வகத்தில் வியாபாரியின் கேனிலிருந்து கொஞ்சம், எங்கள் எண்ணெயிலிருந்து கொஞ்சம் என்று இரு சோதனைக்குழாய்களில் வைத்துப் பார்த்தோம். எங்களுடையது குழாய்க்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கும் அளவு தெளிவு. அவருடையது தண்ணீர் தொட்ட கணத்தில் பால்நிறமாகக் கலங்கி, சற்று நேரத்தில் மேலே எண்ணெய்த் திட்டுகள் மிதக்கத் தொடங்கின. வீட்டு அடுப்பில் இதை யாரும் செய்ய வேண்டாம். பொட்டாஷ் தோலை அரிக்கும், சாராயம் தீப்பிடிக்கும்.

பாரஃபின் உண்மையிலேயே ஆபத்தாகும் ஓரிடம் இருக்கிறது. அதைப் பற்றிக் காணொளிக்காரர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு, காதில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. குளிப்பாட்ட வரும் பாட்டிகளிடம் சொன்னால், "உன் அப்பாயிக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்பார்கள். எந்த எண்ணெயாக இருந்தாலும் மூக்கில் விடக்கூடாது. அது மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் இறங்கினால் எண்ணெய் நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சி வரும். கனிம எண்ணெய் இதில் கூடுதல் மோசம். மென்மையாக இருப்பதால் இருமலைத் தூண்டாமலேயே உள்ளே போய்விடும், உள்ளே போனதை உடம்பு கரைக்கவும் முடியாது. தவழும் பிள்ளை எட்டும் இடத்தில் கூந்தல் எண்ணெய் பாட்டிலை வைக்காதீர்கள் என்பதற்கும் காரணம் இதுவே. பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாந்தியில்தான் எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் போகும்.

பொடுகைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெய் வைக்காததால்தான் பொடுகு என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற பூஞ்சை வாழ்கிறது. கொழுப்பு அமிலம் அதற்குத் தீனி. ஆய்வகத்தில் அதை வளர்க்க ஆலிவ் எண்ணெய் சேர்ப்பார்கள். பொடுகும் அரிப்புமாக இருக்கிற மண்டையில் தாவர எண்ணெயை ஊறவைத்து நாள்கணக்கில் விடுவது அதற்குப் பந்தி வைப்பது. பாரஃபினில் கொழுப்பு அமிலம் இல்லாததால் பூஞ்சைக்கு அதில் சாப்பாடு இல்லை. இயற்கை எண்ணெய் விற்கும் எனக்கே இது கசப்பான செய்திதான், ஆனால் வாங்க வருபவரிடம் சொல்லிவிடுகிறேன். பொடுகு அடங்கும்வரை எங்கள் எண்ணெயை வாங்காதீர்கள், கீட்டோகோனசோல் ஷாம்பு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள் என்று.

முடி கொட்டுவதற்கு வருவோம். ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி வரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சல் வந்தாலோ பிரசவமானாலோ, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே அடங்கும். எங்கள் தெருவில் பிள்ளை பெற்று வந்த ஒரு பெண், மாமியார் சொன்னது, சின்னம்மா சொன்னது, விளம்பரம் சொன்னது என்று எண்ணெயை மாற்றிக்கொண்டே இருந்தாள். உதிர்வது நிற்கும் தறுவாயில் கையிலிருந்த எண்ணெய் எங்களுடையது. இன்றைக்கும் எங்களுக்குப் பெரிய விளம்பரம் அவள்தான். "அம்மாடி, இது எண்ணெயால் நிற்கவில்லை, தானாக நின்றது" என்று நான் சொன்னால், தன்னடக்கம் என்கிறாள். இதே கணக்கில்தான், உதிரத் தொடங்கிய வாரத்தில் கையில் இருந்த எண்ணெய்க்குக் கெட்ட பெயரும் கிடைக்கிறது. அது பாரஃபின் எண்ணெயாக இருந்துவிட்டால் வழக்கு அங்கேயே தீர்ப்பாகிவிடும். வேர் தோலுக்குள் இருக்கிறது. வெளியே தெரியும் முடி உயிரில்லாத தண்டு. எந்த எண்ணெயும் தண்டைத்தான் காப்பாற்றும். ஆறு மாதமாகியும் உதிர்வது நிற்கவில்லையென்றால், ரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பார்க்கச் சொல்கிறேன். எங்கள் உறையில் முடி வளரும் என்று ஒரு வார்த்தையும் கிடையாது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வாங்கிச் செய்கிறோம், அந்த உரிமம் அழகுசாதனத்துக்குத்தான்.

வீட்டிலேயே காய்ச்சுகிறவர்களுக்கு ஒன்று. கரிசலாங்கண்ணி நம் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் காசில்லாமல் கிடைக்கிறது. பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்பில் மட்டும் பறிக்காதீர்கள். சாற்றை எண்ணெயில் விட்டால் சடசடவென்று ஓசை கேட்கும். அது சாற்றிலிருக்கும் தண்ணீர். தீயைக் குறைத்து, அடியில் தங்கும் கசடான கல்கத்தை இரு விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டே கிளற வேண்டும். முதலில் குழையும், பிறகு மெழுகாக உருளும். அதில் கொஞ்சம் கிள்ளித் திரியாக்கி நெருப்பில் காட்டினால் படபடவென்று வெடிக்காமல் எரிய வேண்டும். வெடித்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. அந்த எண்ணெய் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும், பூசணமும் பிடிக்கும். கல்கம் மணலாக உதிரும் மணல் பதத்தையும் தாண்டவிட்டால் எண்ணெய் கருகிப் புகைவாடை ஏறும். ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி, சில மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கடை எண்ணெய் இரண்டு வருடம் கெடாமல் இருக்கிறதே, நம்முடையது ஏன் கெடுகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்: கெடக்கூடிய பொருள் நம் பாட்டிலில் இருக்கிறது.

கடைசியாக, எல்லாவற்றையும் கேட்டு முடித்தவர்கள் எழுந்து போகும்போது கேட்பது: "வீட்டில் அரை பாட்டில் பாரஃபின் எண்ணெய் கிடக்கிறது. கொட்டிவிடவா?" கொட்ட வேண்டாம், வாய்க்காலில் கொட்டவே கொட்டாதீர்கள். குளித்தபின் நுனிமுடிக்கு நாலைந்து துளியாக வைத்துத் தீர்த்துவிடுங்கள். பிள்ளைகளின் மூக்கு, காது பக்கம் கொண்டுபோகாதீர்கள். தையல்காரர் வீட்டு மதினி ஒருவர், தையல் இயந்திரத்துக்கு விடலாமா என்று கேட்டார். இயந்திரத்துக்கு விடும் எண்ணெயும் கனிம எண்ணெய்தான், ஆனால் இதில் நிறமும் வாசனையும் சேர்ந்திருக்கிறது. வெள்ளைத் துணி தைக்கும்போது பச்சைக் கறை விழுந்தால் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்தான் என்றேன்.